புட்டிக்குள் இருப்பது எது?

ஒரே வகையைச் சேர்ந்த மூன்று நான்கு மதுக்களைச் சிறு அளவில் அருகருகே ஊற்றிவைத்து, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒரு மடக்கு அருந்தி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைக்கும் பழக்கம் மேலைநாடுகளில் வீட்டுப் பொழுதுபோக்காக நிலைபெற்று வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்காவின் மக்காச்சோள விஸ்கியாகிய போர்பன் இதற்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. அதன் ஆக்கமுறையின் முதன்மைக் கூறுகள் யாவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கூறு மாறினால் சுவை எவ்வாறு மாறும் என்பதைச் சுவைப்பவர் தம் நாவினாலேயே தேர்ந்தறிய முடிகிறது. இப்பழக்கத்தைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்து ஆராய்வது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆயினும், மதுவைப் பகிர்ந்துண்ட ஒரு தலைவனைப் பற்றிய பழம்பாடலும், மதுவை அடியோடு விலக்க முனைந்த சட்டமும், விஸ்கி என்ற பெயரில் இந்தியாவில் விற்பனையாகும் பலவற்றுக்கு மூலப்பொருளான கரும்பும் ஆகிய மூன்றும் இந்த ஒரே நிலப்பகுதியில் வந்து கூடுவதால், மதுவைப் பற்றி நிதானமாகச் சிந்திப்பதற்கு இதைவிடத் தக்க இடம் தமிழ்நாட்டில் அரிது.

சங்ககாலத்தில் தகடூர் என வழங்கிய ஊரே இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், புறநானூற்றின் 235ஆம் பாட்டாக உள்ளது. நிலையாமை பற்றிய பொதுக்கூற்றோடு தொடங்காமல், கள்ளின் அளவோடு அப்பாடல் தொடங்குவது ஊன்றி நோக்கத்தக்கது. கள் சிறிதளவே கிடைத்தால் அதைப் பாடுவோர்க்கே கொடுத்துவிடுவதும், மிகுதியாகக் கிடைத்தால் அவர்கள் பாட, உடனிருந்து மகிழ்ந்து உண்பதும் அவன் இயல்பாக இருந்தன என்பதே அங்கு முதலாவதாக நினைவுகூரப்படுகிறது. ஒரு தலைவனின் பெருமையை அவன் வென்ற களங்களால் அளப்பதற்கு முன், கையிலிருந்த கள்ளை எவ்வாறு பங்கிட்டான் என்பதால் அளந்த பார்வை அது. குடிப்பதன் பெருமை அங்கே பேசப்படவில்லை. அளவறிந்து உடனிருப்போர்க்குக் கொடுப்பதே பேசப்படுகிறது. வீட்டில் நண்பர் இருவர் மூவரோடு அமர்ந்து, ஒரு புட்டியைப் பல மாதங்களுக்குப் பகிர்ந்து சுவைக்கும் இன்றைய பழக்கத்துக்குத் தமிழில் முன்னோடி தேடுவோர் வேறெங்கும் அலையவேண்டியதில்லை.

இதே நிலப்பகுதிதான் நவீன மதுவிலக்கின் தொடக்க இடமும் ஆயிற்று. சென்னை மாகாணத்தின் முதல்வராக, அக்காலத்து வழக்கில் பிரதமராக, இருந்த இராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1965 அக்டோபர் 2 அன்றுதான் அது தனி மாவட்டமாயிற்று. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகில் உள்ளதே. திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நடத்திவந்த காலத்திலேயே மதுவிலக்குக் கொள்கைக்கென ‘விமோசனம்’ என்ற இதழை அவர் வெளியிட்டார். கல்கி அதில் அவருடன் பணியாற்றினார். கூலியின் பெரும்பகுதி கள்ளுக்கடையில் கரைந்து, வீட்டில் உலை ஏறாமற்போவதைக் கண்கூடாகக் கண்ட ஒருவரின் கொள்கை அது என்பதால், மதுவின் சுவையைப் பற்றி எழுதுவோர் எவரும் அதை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது. மது வழியே வந்த வருவாய் குறைந்ததை ஈடுசெய்ய 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அதன்பின் மதுவிலக்கு மாநிலமெங்கும் பரவி, 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும், தமிழ்நாட்டில் மதுவை ஆளும் அடிப்படைச் சட்டம் அன்று சேலத்தை முன்னிட்டு இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே.

மூன்றாவது இழை கரும்பு. அதியமானின் முன்னோர் கரும்பை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தனர் என்பது புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் தரும் செய்தி. இன்று இம்மாவட்டத்தின் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரிய, கெட்டியான பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். இதைப் புளிக்கவைத்து, உயரமான தூண்வடிவக் கொதிகலன்களில் மீண்டும் மீண்டும் வடித்தால், மணமும் சுவையும் ஏறத்தாழ அகன்ற தூய சாராவி, அதாவது ஆல்கஹால், கிடைக்கும். இந்தியாவில் நெடுங்காலமாக மலிவு விலை விஸ்கிகளுக்கு இச்சாராவியே அடிப்படை. அதனுடன் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த மால்ட் விஸ்கி சிறிதளவும், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரையும், சிலவற்றில் மணப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் தானியத்திலிருந்து வராத எதையும் விஸ்கி என ஏற்பதில்லை. கரும்பின் சாராவி தன்னளவில் தாழ்ந்ததன்று. கரும்பிலிருந்தே வரும் ரம் உலகெங்கும் மதிக்கப்படும் மது. குறை எங்கே இருக்கிறதென்றால், ஒன்றின் பெயரால் மற்றொன்று விற்கப்படுவதிலும், அதை வாங்குபவர் அறியாமலிருப்பதிலும்தான்.

போர்பனின் சிறப்பு இங்கேதான் புலப்படுகிறது. அமெரிக்கச் சட்டப்படி, போர்பன் எனப் பெயரிட வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்கவேண்டும். வடித்தெடுக்கும்போது சாராவியின் செறிவு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உட்புறம் தீயால் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்தில், 62.5 விழுக்காட்டுக்கு மிகாத செறிவில் அதை ஊற்றிவைக்கவேண்டும்; புட்டியில் அடைக்கும்போது செறிவு 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது; நிறமோ மணப்பொருளோ சேர்க்கலாகாது. இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் நாவில் ஒரு விளைவு உண்டு. செறிவை 80 விழுக்காட்டோடு நிறுத்துவதால் தானியத்தின் மணம் முழுவதும் அகன்றுவிடாமல் தங்குகிறது. பீப்பாய் புதிதாக இருப்பதால் மரத்தின் முதற்சாரம் முழுவதும் மதுவுக்குள் இறங்குகிறது. மரத்தைத் தீயில் கருக்கும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலா மணமுள்ள வனிலினாக மாறுகிறது; மரத்தின் வேறொரு பகுதி சர்க்கரைகளாக உடைந்து கருகுகிறது. ஓக் மரத்துக்கே உரிய லாக்டோன்கள் தேங்காயை நினைவூட்டும் மணத்தைத் தருகின்றன. கோடையில் மது விரிந்து மரத்துக்குள் ஏறுவதும், குளிரில் சுருங்கி வெளியேறுவதுமாக ஆண்டுக்கணக்கில் நிகழும் இந்த இயக்கமே போர்பனின் செம்பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

மக்காச்சோளத்தின் மாவுச்சத்து நேரடியாகப் புளிப்பதில்லை. அது சர்க்கரையாக மாறியபின்பே ஈஸ்ட் அதை உண்டு சாராவியாக்கும். இம்மாற்றத்துக்கு உதவுவது முளைகட்டிய பார்லி. முளைவிடும் தானியத்தில் தோன்றும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன என்பது தருமபுரி வீடுகளுக்குப் புதிய செய்தியன்று. குழந்தைகளுக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, உலர்த்தி அரைக்கும் மாவில் இயல்பாக வரும் இனிப்பு அதே நொதிகளின் வேலையே. கேழ்வரகிலிருந்து மது ஆக்கும் மரபு நேபாளத்திலும் சிக்கிமிலும் இன்றும் வழக்கில் உள்ளது.

போர்பன்களை ஒப்பிடத் தொடங்குவோர் முதலில் கவனிக்கவேண்டியது மக்காச்சோளத்துக்கு அடுத்து வரும் தானியம். பெரும்பாலான போர்பன்களில் அவ்விடத்தில் ரை என்னும் தானியம் இருக்கும். அது மிளகின் காரத்தையும் உலர்ந்த மூலிகையின் விறுவிறுப்பையும் தரும். வைல்ட் டர்க்கி இவ்வகையில் எளிதில் அடையாளம் காணத்தக்கது. மேக்கர்ஸ் மார்க் போன்ற சிலவற்றில் ரைக்குப் பதிலாகக் கோதுமை இருப்பதால் காரம் குறைந்து, இனிப்பு முன்வந்து, மடக்கு வழுவழுப்பாக இறங்கும். இவ்விரண்டையும் மட்டும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தாலே தானியம் என்பதன் பொருள் விளங்கிவிடும். அடுத்தது ஈஸ்ட். ஃபோர் ரோசஸ் வடிசாலை இருவகைத் தானியக் கலவைகளையும் ஐந்து வகை ஈஸ்டுகளையும் இணைத்துப் பத்து வெவ்வேறு விஸ்கிகளை ஆக்கிக் கலக்கிறது. ஒரே கலவையில் ஈஸ்ட் மட்டும் மாறினால் பழமணமும் பூமணமும் எவ்வளவு மாறுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது கடினம். பின்னர் வயது. ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற அடைமொழி குறைந்தது இரண்டு ஆண்டுகள் பீப்பாயில் இருந்ததைக் குறிக்கும். அது நான்கு ஆண்டுக்குக் குறைந்ததானால் வயதைப் புட்டியில் அச்சிட்டே ஆகவேண்டும்.

‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற சொற்றொடர் இன்னும் உறுதியான வாக்குறுதி. புகையிலைச் சாறும் வேறு கண்டதும் கலந்து விஸ்கி எனப் பலர் விற்றுவந்த காலத்தில், 1897இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கொரு சட்டம் இயற்றியது. அதன்படி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் இருந்து, சரியாக 50 விழுக்காட்டுச் செறிவில் அடைக்கப்பட்டதே இப்பெயரைத் தாங்கலாம். மதுவை வாங்குபவர்க்கும் உண்மையை அறியும் உரிமை உண்டு என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்ட சட்டம் அது.

ஜாக் டேனியல்ஸைப் போர்பன் என நினைப்போர் பலர். டென்னசி மாநிலத்தில் ஆக்கப்படும் அது, பீப்பாய்க்குச் செல்லுமுன் மேப்பிள் மரக்கரியின் வழியே வடிகட்டப்படுகிறது. அதனால் அது டென்னசி விஸ்கி என்றே பெயரிடப்படுகிறது. ஜாக் டேனியலுக்கு வடிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற, அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பினத்தவர். அந்நிறுவனம் இதை வெளிப்படையாக முன்னிறுத்தியது 2016இல்தான். புட்டிக்குள் இருக்கும் தானியத்தைப் போலவே, அதை ஆக்கிய கைகளும் நெடுங்காலம் மறைந்தே இருந்தன என்பது வருந்தத்தக்கது.

வீட்டில் ஒப்பிடும் முறை எளியது. ஆனால் பொறுமையைக் கோருவது. ஒவ்வொன்றிலும் 15 மில்லிலிட்டர் போதும். நான்கு வகைகளை ஒப்பிட்டாலும் மொத்தம் 60 மில்லிலிட்டர்தான் ஆகும். கடைகளில் குவார்ட்டர் என்று கேட்டு வாங்கும் 180 மில்லிலிட்டர் புட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. வீட்டு எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. நிறம் தெரியவும் மணம் மேலே குவியவும் அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை வேண்டும். குறைந்த செறிவுள்ளது முதலிலும் மிகுந்தது கடைசியிலும் வரவேண்டும். வரிசை மாறினால் மென்மையானது நாவில் படாமலே போய்விடும். முகரும்போது மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி விளிம்பில் வைத்தால் சாராவியின் எரிச்சல் குறைந்து மற்ற மணங்கள் எழும். உள்ளங்கையில் இரண்டு துளி விட்டுத் தேய்த்து முகர்ந்தால், சாராவி பறந்தபின் தானியத்தின் மணம் மட்டும் எஞ்சும். முதல் மடக்கு நாவைப் பழக்குவதற்கே. இரண்டாவது மடக்கிலிருந்துதான் குறிப்பெழுதவேண்டும். இடையே வாயைத் தூய்மையாக்க வெறும் பொரியும் தண்ணீரும் போதுமானவை. ஊறுகாயும் காரக் கடலையும் நாவை மரக்கச்செய்துவிடும். எது எந்தக் குவளை என்பதை வேறொருவர் மட்டும் அறிந்திருக்குமாறு ஊற்றச்செய்து சுவைத்தால், விலையும் புட்டியின் அழகும் தீர்ப்பில் தலையிடா. மறுநாள் காலையில் கழுவாத குவளையை முகர்ந்துபார்ப்பதும் பயன் தரும். சாராவி முற்றிலும் அகன்று, மரமும் கருகிய சர்க்கரையும் மட்டும் அதில் தங்கியிருக்கும்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் ஆகியோர் கணினி வழியே நடத்திய ஆய்வு, விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவையக்கோல் என்ற மூலக்கூறு, செறிவு மிகுந்த நிலையில் சாராவியால் சூழப்பட்டு உள்ளே தங்கிவிடுவதையும், நீர் சேர்த்துச் செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நோக்கி நகர்வதையும் காட்டியது. சில துளி நீர் மணத்தை எழுப்பும் என்று சுவைப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததற்கு அது அறிவியல் விளக்கம். கென்டக்கி மாநிலத்தின் சுண்ணாம்புப் பாறைகள் வழியே வரும் நீரில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு மிகுந்தால் மதுவின் நிறமும் சுவையும் கெடும். தருமபுரியின் நிலத்தடி நீரோ புளோரைடு மிகுந்தது; பற்களையும் எலும்புகளையும் தாக்கும் அந்நீருக்கு மாற்றாகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு குவளையிலும் காவிரி நீரை மற்றொன்றிலும் சில துளிகள் விட்டு முகர்ந்தால், மதுவைப் பற்றி மட்டுமன்றித் தாம் அன்றாடம் குடிக்கும் நீரைப் பற்றியும் இம்மாவட்டத்தார் சிலவற்றை அறிந்துகொள்வர்.

சுவைக்குறிப்புகளை எழுதும்போது அயல்நாட்டு நூல்களின் சொற்பட்டியலைக் கடன்வாங்கத் தேவையில்லை. உலையில் பதம் முறுகிய வெல்லப்பாகு, வறுத்த புளியங்கொட்டை, சுக்கு, சாதிக்காய், முற்றிய தேங்காய், மாம்பழத் தோலின் பிசின் என இம்மாவட்டத்தார் மூக்குக்குப் பழகிய மணங்களே போர்பனை விவரிக்கப் போதும். புதிய ஓக் பீப்பாய் தரும் துவர்ப்பைச் சிலர் குறையாகக் காணலாம். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக ஏற்று, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் விரும்பியுண்ணும் நாவுக்கு அது நிறைவாகத் தோன்றுவதே இயல்பு.

ஒப்பீட்டுக்கு மற்றொரு கண்ணி பெங்களூரில் உள்ளது. 1948இல் அங்கு நிறுவப்பட்ட அம்ருத் வடிசாலை, 2004இல் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை, அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. போர்பன் சட்டம் புதிய பீப்பாயைக் கோருவதால், ஒருமுறை பயன்பட்ட அமெரிக்கப் பீப்பாய்கள் உலகெங்கும் விற்பனையாகின்றன; அம்ருத் தன் மதுவை முதிர்விக்கப் பயன்படுத்துபவற்றுள் அவையும் உண்டு. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகி இழக்கப்படும் பங்கு ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரிலோ 10 விழுக்காட்டுக்கும் மேல். அதனால் அங்கே நான்கைந்து ஆண்டுகளிலேயே மது முதிர்ந்துவிடுகிறது. ஒரு போர்பனையும், போர்பன் பீப்பாயில் முதிர்ந்த ஓர் அம்ருத்தையும், வழக்கமான மலிவு இந்திய விஸ்கி ஒன்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சுவைப்பது, வெறும் போர்பன்களை மட்டும் அடுக்கிச் சுவைப்பதைவிடப் பன்மடங்கு கற்பிக்கும். முதலிரண்டில் மரம் ஒன்று, தானியம் வேறு. மூன்றாவதில் மணம் நாவில் தங்காமல் இனிப்பும் எரிச்சலும் மட்டும் எஞ்சுவதை முதன்முறை சுவைப்பவரும் உணர்வர்.

இப்பொழுதுபோக்கு எல்லோர்க்கும் உரியதன்று என்பதை மறைக்கலாகாது. போர்பன் மீதான இறக்குமதி வரியை இந்தியா 2025 பிப்ரவரியில் 150 விழுக்காட்டிலிருந்து 100ஆகக் குறைத்தபின்னும் அதன் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் ஊதியத்துக்குச் சமம். 2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுக்குத் தெரிவு என ஒன்று இருக்கவில்லை. வீட்டில் சுவைப்பது வேறு, வீட்டில் காய்ச்சுவது வேறு. பின்னது 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதோடு உயிருக்கே உலைவைப்பதும் ஆகும். எந்த அளவு மதுவும் உடலுக்கு முற்றிலும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துள்ளது. ஆகவே குடிக்காதவர் இதற்காகக் குடிக்கத் தொடங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. குடியிலிருந்து மீண்டவர் உள்ள வீட்டில் இவ்வரிசையை விரித்துவைப்பது கொடுமை.

ஆயினும் தமிழ்நாட்டில் மது விற்பனை அரசின் கையிலேயே இருக்கும்வரை, வாங்குபவர்க்கு உண்மையைச் சொல்லும் கடமையும் அரசுக்கே உண்டு. எந்தத் தானியம், அல்லது எந்தக் கரும்புப் பாகு, எவ்வளவு பங்கு. எந்த வடிசாலையில் வடித்தது. பீப்பாயில் எத்தனை ஆண்டு இருந்தது, அல்லது இருக்கவே இல்லையா. சேர்க்கப்பட்ட நிறமும் மணமும் எவை. இந்நான்கையும் படிக்கக்கூடிய எழுத்தில், தமிழில், ஒவ்வொரு புட்டியின் மீதும் அச்சிடச் செய்யவேண்டும். டாஸ்மாக்கின் எலைட் கடையில் விற்கும் உயர்விலைப் புட்டிக்கு மட்டுமன்றி, பாப்பிரெட்டிப்பட்டியிலும் பென்னாகரத்திலும் விற்கும் மலிவான குவார்ட்டருக்கும் அவ்விதி பொருந்தவேண்டும்.